கருவின் முதல் மூன்று வாரங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாள் தள்ளிப்போய், மருந்துக் கடையில் வாங்கிய கர்ப்பச் சோதனைப் பட்டையில் இரண்டாவது கோடு தெரிவதற்குள் கருவுக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகிவிடுகிறது. யாருக்கும் தெரியாமல் கடந்துபோகும் அந்த இரண்டு வாரங்களையும் அவற்றை அடுத்து வரும் சில நாள்களையும் பற்றி, கருவுற்றவர்களும் குழந்தைக்காகச் சிகிச்சை பெறுபவர்களும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை அளிக்கப்படுகிறது. வேறாகக் குறிப்பிடாத இடங்களில் எல்லாம், நாள்கள் கருமுட்டையும் விந்தணுவும் இணைந்த நாளிலிருந்து எண்ணப்படுகின்றன.

எங்கள் கணக்குப்படி நான்கு வாரம்தான் ஆகிறது. மருத்துவர் ஆறு வாரம் என்கிறாரே?

இரண்டுமே சரி, எண்ணத் தொடங்கும் இடம்தான் வேறு. மகப்பேறு மருத்துவர்கள் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். அந்தத் தேதி பெண்ணுக்கு நினைவிருக்கும். கருமுட்டை வெளிவந்த நாளோ அது கருவுற்ற வேளையோ யார் கண்ணிலும் படுவதில்லை. 28 நாள் சுழற்சியில் கருமுட்டை ஏறத்தாழ 14ஆம் நாளில் வெளிவருகிறது என்பதால், மருத்துவரின் கணக்கில் வரும் முதல் இரண்டு வாரங்களில் கரு என்ற ஒன்றே இல்லை. பிரசவத் தேதியை அவர்கள் 280 நாள் என்று வைக்கிறார்கள்; கருவின் உண்மையான வயது அப்போது 266 நாள்.

இந்த இரண்டு வார வேறுபாடு தெரியாததால் ஸ்கேன் அறையில் வீண் கலக்கம் உண்டாகிறது. மருத்துவக் கணக்கின் ஐந்தாம் வாரத்தில் ஸ்கேன் எடுத்தால், பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அளவுள்ள கருப்பு நிறப் பை மட்டுமே திரையில் தெரியும். இதயத் துடிப்பு ஆறாம் வார வாக்கில்தான் புலப்படும். சுழற்சி 35 நாளாக உள்ள பெண்ணுக்குக் கருமுட்டையே ஒரு வாரம் பிந்தித்தான் வந்திருக்கும். ஆகவே “இன்னும் துடிப்பு வரவில்லை, பத்து நாள் கழித்து வாருங்கள்” என்று சொல்லப்பட்டால், பல நேரங்களில் அது நாள் கணக்கைச் சரிபார்ப்பதற்கான ஏற்பாடு மட்டுமே.

கருமுட்டை மாதந்தோறும் புதிதாக உருவாகிறதா?

இல்லை. ஒரு பெண் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவளுடைய கருமுட்டைச் செல்கள் எல்லாம் உருவாகி, குரோமோசோம்களைப் பங்கிடும் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டுக் காத்திருக்கத் தொடங்குகின்றன. பிறக்கும்போது பத்து முதல் இருபது லட்சம். பூப்பெய்தும் வயதில் மூன்று நான்கு லட்சம். வாழ்நாளில் வெளிவருபவை ஏறத்தாழ 400. உங்களை உருவாக்கிய கருமுட்டை, உங்கள் அம்மாவைப் பாட்டி வயிற்றில் சுமந்த காலத்திலேயே அங்கு இருந்தது. இத்தனை ஆண்டுக் காத்திருப்பு ஒரு காரணமாக, வயது ஏற ஏற முட்டையின் குரோமோசோம்கள் சரியாகப் பிரியாமல் போகும் வாய்ப்பும் ஏறுகிறது.

முதலில் ஓடிவந்து சேரும் விந்தணுதான் வெல்கிறதா?

ஓட்டப்பந்தயம் என்று சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உண்மை அப்படியில்லை. வெளியேறும் கோடிக்கணக்கான விந்தணுக்களில் சில நூறு மட்டுமே கருக்குழாயின் அகன்ற பகுதியை எட்டுகின்றன. குழாயின் தசை அசைவும் அவற்றை நகர்த்துகிறது. முந்தி வந்தாலும் உடனே முட்டைக்குள் புக முடியாது. பெண்ணின் உடலுக்குள் சில மணி நேரம் இருந்து, மேற்பரப்பில் சில மாற்றங்கள் நிகழ்ந்த பிறகே விந்தணுவுக்கு அந்தத் தகுதி வருகிறது. அமெரிக்காவில் எம். சி. சாங், ஆஸ்திரேலியாவில் சி. ஆர். ஆஸ்டின் ஆகிய இருவரும் 1951இல் தனித்தனியே இதைக் கண்டறிந்தார்கள். ஆய்வகத்தில் கருவுறச் செய்வதற்கு வழி திறந்ததில் இந்தக் கண்டுபிடிப்புக்குப் பெரும் பங்குண்டு. விந்தணு ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கலாம். வெளிவந்த கருமுட்டைக்கு ஒரு நாள்தான் கெடு. எனவே பல நேரங்களில் காத்திருப்பது விந்தணுதான்.

ஒரே ஒரு விந்தணு மட்டும் உள்ளே போவது எப்படி?

கருமுட்டையின் குறுக்களவு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். நல்ல வெளிச்சத்தில் கூர்ந்து பார்த்தால் வெறும் கண்ணுக்கே மிகச் சிறிய புள்ளியாகத் தெரியக்கூடிய அளவு. அதைச் சுற்றி ஜோனா பெலுசிடா எனப்படும் தெளிந்த உறை இருக்கிறது. அதைக் கடந்துவந்த விந்தணுவின் மேலுள்ள இசுமோ என்ற புரதம், முட்டையின் மேலுள்ள ஜூனோ என்ற புரதத்தோடு பொருந்துகிறது. 2005இல் கண்டறியப்பட்ட முதலாவதற்குத் திருமண வரத்துக்குப் பெயர்பெற்ற ஜப்பானியக் கோயிலின் பெயரையும், 2014இல் கண்டறியப்பட்ட இரண்டாவதற்குத் திருமணத்துக்குரிய ரோமானியத் தெய்வத்தின் பெயரையும் வைத்தார்கள். அறிவியல் பெயர்களில் இவ்வளவு பொருத்தம் அமைவது அரிது.

விந்தணு இணைந்ததும் முட்டைக்குள் கால்சியம் அலை அலையாக எழுகிறது. முட்டையின் ஓரத்தில் காத்திருந்த நுண்பைகள் அப்போது வெடித்து, தம்மிடமுள்ள நொதிகளை உறைக்குள் கொட்டுகின்றன. உறை இறுகி, பின்னால் வரும் விந்தணுக்களுக்குக் கதவு அடைபடுகிறது. சில வேளை இந்த அடைப்பு பிந்திவிட, இரண்டு விந்தணுக்கள் நுழைந்துவிடுவதும் உண்டு. அவ்வாறு உருவாகும் கருவில் குரோமோசோம்கள் ஒரு தொகுதி கூடுதலாக இருப்பதால் அது நிலைப்பதில்லை.

அப்படியானால் கரு உருவாகும் “கணம்” எது?

இந்தக் கேள்விக்கு ஒரு கணத்தைச் சுட்டிக்காட்ட முடியாது என்பதுதான் நேர்மையான விடை. விந்தணு நுழைந்த பிறகுதான் கருமுட்டை, பாதியில் விட்ட தன் குரோமோசோம் பங்கீட்டை முடித்து, மிச்சத்தைச் சிறு உருண்டையாக வெளியே தள்ளுகிறது. பிறகு தாய்வழிக் குரோமோசோம்களைச் சுற்றி ஒரு சவ்வும் தந்தைவழிக் குரோமோசோம்களைச் சுற்றி இன்னொரு சவ்வும் உருவாகின்றன. ஐ.வி.எஃப். எனப்படும் சோதனைக் குழாய் சிகிச்சை ஆய்வகங்களில் விந்தணு சேர்த்த 16 முதல் 18 மணி நேரத்துக்குள் கருவியலாளர் நுண்ணோக்கியில் தேடுவது இதைத்தான்: தெளிந்த வட்டத்துக்குள் அருகருகே ஒட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு சிறு வட்டங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் வரிசையாகச் சில புள்ளிகள். இரண்டு வட்டம் என்றால் கருவுற்றது. மூன்று என்றால் அந்தக் கருவை ஒதுக்கிவிடுவார்கள். சில மணி நேரம் பிந்திப் பார்த்தால் வட்டங்களே இருக்காது.

அந்த இரண்டு உட்கருக்களும் ஒன்றாய்க் கலந்துவிடுகின்றன என்று பள்ளியில் படித்திருப்போம். 1876இல் ஆஸ்கர் ஹெர்ட்விக் கடல் முள்ளெலியில் கண்டது அதுதான். பாலூட்டிகளில் அப்படி நடப்பதில்லை. இரண்டு சவ்வுகளும் கரைந்து, குரோமோசோம்கள் நேரே முதல் செல் பிரிவுக்குத் தயாராகின்றன. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் ஆய்வாளர்கள் 2018இல் எலிக் கருவில் காட்டியபடி, அந்தப் பிரிவின் தொடக்கத்தில்கூடத் தாயின் குரோமோசோம்களுக்கும் தந்தையின் குரோமோசோம்களுக்கும் அவற்றை இழுத்துப் பிரிக்கும் இழைக்கதிர்கள் தனித்தனியே அமைகின்றன. விந்தணு நுழைந்ததிலிருந்து இதுவரை ஏறத்தாழ ஒரு நாள் ஆகியிருக்கும். அந்த ஒரு நாளின் எந்த மணியைத் தொடக்கம் என்று கொள்வது என்பதை உயிரியல் தனியாகத் தீர்த்துவைக்க முடியாது.

செல்கள் பெருகப் பெருக கரு பெரிதாகிறதா?

முதல் நான்கைந்து நாள்களில் இல்லை. அதே அளவுள்ள உறைக்குள், இருக்கும் ஒரு செல் இரண்டாக, நான்காக, எட்டாகத் துண்டாகிறது. ஒரே மாவு உருண்டையைப் பிட்டுப் பிட்டுச் சிறு உருண்டைகளாக்குவது போல. பொதுவாக 2ஆம் நாளில் நான்கு செல், 3ஆம் நாளில் எட்டு செல். அதன் பிறகு தனித்தனியே உருண்டு நின்ற செல்கள் ஒன்றோடொன்று இறுக நெருங்கி, இடையே கோடு தெரியாதபடி அமுங்கிவிடுகின்றன. 4ஆம் நாளில் அது மொருலா, அதாவது முசுக்கட்டைப் பழம் போன்ற உருவம். இந்தக் காலம் முழுவதும் கரு கருக்குழாயில் மெல்ல நகர்ந்து, 3ஆம் அல்லது 4ஆம் நாளில் கருப்பைக்குள் வருகிறது. வழியில் தடைபட்டுக் குழாயிலேயே ஒட்டிக்கொண்டால் அதுதான் குழாய்க் கர்ப்பம். நாள் தள்ளிப்போன நிலையில் அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலியோ மயக்கமோ வந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது.

இந்த நாள்களில் கருவை நடத்துவது யாருடைய மரபணு?

பெரும்பாலும் தாய் சேமித்து வைத்த கட்டளைகள். கருமுட்டை முதிரும்போதே வேண்டிய புரதங்களையும், புரதம் செய்வதற்கான ஆர்.என்.ஏ. செய்திகளையும் உள்ளே நிரப்பி வைத்துக்கொள்கிறது. கருவின் சொந்த மரபணுக்கள் முழு அளவில் வேலையைத் தொடங்குவது நான்கு முதல் எட்டு செல் நிலையில்தான் என்பதை இங்கிலாந்தில் பீட்டர் பிராட் முதலியோர் 1988இல் காட்டினார்கள். சோதனைக் குழாய் சிகிச்சையில் 3ஆம் நாள் வரை அழகாக வளர்ந்த கருக்கள் 5ஆம் நாளுக்குள் நின்றுபோவதற்கு இது முக்கியமான விளக்கம்: அதுவரை தாயின் சேமிப்பில் ஓடியது, இனித் தன் காலில் நிற்க வேண்டும். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவும் தாய்வழியே வருகிறது.

5ஆம் நாள் கருவைப் பற்றிய அறிக்கையில் “4ஏபி” என்று எழுதியிருக்கிறார்களே, அது என்ன?

5ஆம் நாளில் மொருலாவுக்குள் நீர் சேர்ந்து, நடுவில் வெற்றிடமுள்ள பந்தாகிறது; அதற்குப் பிளாஸ்டோசிஸ்ட் என்று பெயர். எண், அது எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. முதல் எழுத்து, உள்ளே ஒரு பக்கமாக ஒட்டியிருக்கும் உட்செல் திரளின் தரம். இரண்டாவது எழுத்து, பந்தின் சுவரான புறச்செல் அடுக்கின் தரம். நுண்ணோக்கியில் கண்ணால் பார்த்து இடும் மதிப்பெண் இது. குரோமோசோம்கள் சரியாக உள்ளனவா என்பதை இது சொல்லாது. “4பிபி” கருவிலிருந்தும் நல்ல குழந்தைகள் பிறக்கின்றன.

இதில் நின்று கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்று இருக்கிறது. நூறு இருநூறு செல்களுள்ள அந்தப் பந்தில் குழந்தையின் உடலாக மாறவிருப்பவை உட்செல் திரளிலுள்ள சில மட்டுமே. பெரும்பாலானவை சுவரில் இருக்கின்றன. அவை நஞ்சுக்கொடியை உருவாக்கப் போகின்றவை. கரு எடுக்கும் முதல் பெரிய முடிவே யார் வெளியே, யார் உள்ளே என்பதுதான். கருவின் படங்களில் நம் கண் உட்செல் திரளையே தேடிப் போனாலும், முதல் இரண்டு வாரங்களில் கடும் வேலை பார்ப்பது அந்தச் சுவர்தான். கையும் காலும் பிறகு. தாயோடு தொடர்பு முதலில்.

கரு கருப்பையில் எப்படி ஒட்டுகிறது?

கருப்பைக்குள் வந்த கரு இரண்டு மூன்று நாள் ஒட்டாமல் இருந்து, தன் உறையைக் கிழித்து வெளியே வருகிறது. 6ஆம் அல்லது 7ஆம் நாளில், உட்செல் திரள் இருக்கும் பக்கமாகக் கருப்பையின் உட்சுவரைத் தொடுகிறது. தொட்ட இடத்திலுள்ள புறச்செல்கள் எல்லைச் சவ்வுகளை இழந்து, பல உட்கருக்களுள்ள ஒரே படலமாகி, தாயின் திசுவுக்குள் ஊடுருவுகின்றன. பல விலங்குகளில் கரு கருப்பைச் சுவரின் மேலேயே தங்கிவிடுகிறது. மனிதக் கருவோ முழுமையாக உள்ளே புதைந்து, 12ஆம் நாள் வாக்கில் மேலே தாயின் திசு மூடிக்கொள்கிறது. அந்த வேளையில் சிலருக்கு இலேசாக இரத்தம் படுவதும், அதை மாதவிடாய் என்று எண்ணிக்கொள்வதும் உண்டு.

மாதவிடாய் வராமல் நிற்பதற்கும் அந்தப் படலமே காரணம். அது சுரக்கும் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன், கருமுட்டை வெளிவந்த இடத்தில் சினைப்பையில் உருவான கார்பஸ் லூட்டியத்தை வாடவிடாமல் காக்கிறது. அங்கிருந்து வரும் புரோஜெஸ்ட்ரோன் கருப்பையின் உட்சுவரை உதிராமல் வைக்கிறது. பட்டையில் கோடு விழச் செய்வதும் இதே எச்.சி.ஜி. தான். எனவே நாள் தள்ளிப்போவதற்கு முன்பே சோதித்து “இல்லை” என்று வந்தால், அதை இறுதி விடையாகக் கொள்ள வேண்டாம்.

ஐ.வி.எஃப்.இல் கருவை வைத்த பிறகு அசையாமல் படுத்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. வீட்டுப் பெரியவர்கள் அன்போடு சொல்வதுதான், “படியேறாதே, எழுந்து நடக்காதே” என்று. ஆனால் கருப்பை திறந்த பாத்திரம் போன்றதன்று. அதன் முன்சுவரும் பின்சுவரும் ஒன்றோடொன்று படிந்திருக்கின்றன. இடையே உள்ள பிசுபிசுப்பான படலத்தில் வைக்கப்பட்ட கரு நடப்பதாலோ சிறுநீர் கழிப்பதாலோ விழுந்துவிடாது. படுக்கையில் கிடப்பதால் கரு தங்கும் வாய்ப்பு கூடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டியதால், இந்த வழக்கத்தை மருத்துவ அமைப்புகள் பரிந்துரைப்பதில்லை. தனிப்பட்ட காரணத்துக்காக உங்கள் மருத்துவர் ஓய்வு சொல்லியிருந்தால் அது வேறு.

ஆணா பெண்ணா என்பது எப்போது முடிவாகிறது?

விந்தணு கொண்டுவருவது எக்ஸ் குரோமோசோமா ஒய் குரோமோசோமா என்பதைப் பொறுத்து முதல் நாளிலேயே. கருமுட்டை எப்போதும் எக்ஸ் ஒன்றையே தருகிறது. எனவே பெண் குழந்தை பெற்றதற்காக மருமகளைக் குறை சொல்வதற்கு உயிரியலில் இம்மியளவும் இடமில்லை. ஆனால் உறுப்புகள் பல வாரங்கள் இருபாலுக்கும் ஒன்றாகவே இருக்கின்றன. ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்.ஆர்.ஒய். என்ற மரபணு ஆறேழு வாரமான கருவில் தன் வேலையைச் செய்த பிறகே விந்தகம் உருவாகத் தொடங்குகிறது. பாலினத்தை முன்னரே கண்டறிந்து சொல்வது இந்தியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம்.

ஒரே கரு இரட்டையராவது எந்த நாளில்?

முதல் மூன்று நாள்களுக்குள் பிரிந்தால் இருவருக்கும் தனித்தனி நஞ்சுக்கொடி, தனித்தனிப் பனிக்குடம். 4 முதல் 8ஆம் நாளுக்குள் என்றால் நஞ்சுக்கொடி ஒன்று, பனிக்குடம் இரண்டு. ஒரே கரு இரட்டையரில் மிகுதியானவர்கள் இவ்வகையினரே. அதற்கும் பிந்தினால் பனிக்குடமும் ஒன்றே. 13ஆம் நாளுக்குப் பிறகு தொடங்கும் பிரிவு முழுமையடைவதில்லை. உடல் ஒட்டிய இரட்டையர் அவ்வாறு பிறக்கிறார்கள் என்பது விளக்கம். பிரசவத்தின்போது சவ்வுகளைப் பார்த்து ஊகித்து எழுதப்பட்ட கால அட்டவணை இது. பிரிவதை உடலுக்குள் யாரும் நேரில் கண்டதில்லை.

இரண்டாம், மூன்றாம் வாரங்களில் என்ன நடக்கிறது?

இரண்டாம் வாரத்தில் உட்செல் திரள் இரண்டு அடுக்குள்ள வட்டத் தகடாகிறது. அதன் மேல்புறம் பனிக்குடமும் கீழ்ப்புறம் மஞ்சள்கருப் பையும் அமைகின்றன. வெளியே நஞ்சுக்கொடி ஆகப்போகும் படலத்தில் பள்ளங்கள் தோன்றித் தாயின் இரத்தம் அவற்றில் வந்து நிறைகிறது.

14, 15ஆம் நாள் வாக்கில் அந்தத் தகட்டின் மேல் அடுக்கில், ஒரு முனையிலிருந்து நடுப்பகுதி வரை சிறு பள்ளக் கோடு தோன்றுகிறது. அதை ஆதிக்கோடு என்கிறார்கள். அது தோன்றும் வரை தகட்டுக்குத் தலைமாடு கால்மாடு கண்ணுக்குத் தெரிவதில்லை. தோன்றியதும் முன் பின், இடம் வலம் எல்லாம் நிச்சயமாகின்றன. மேல் அடுக்கின் செல்கள் அந்தக் கோட்டின் வழியே உள்ளே இறங்கிப் பரவி மூன்று அடுக்குகளாகின்றன: புறஅடுக்கிலிருந்து தோலும் நரம்பு மண்டலமும், நடுஅடுக்கிலிருந்து எலும்பும் தசையும் இதயமும் இரத்தமும், அகஅடுக்கிலிருந்து குடலின் உட்படலமும் நுரையீரலும் கல்லீரலும். 22ஆம் நாளையொட்டி இதயக் குழாய் துடிக்கத் தொடங்குகிறது.

கருவை ஆய்வகத்தில் 14 நாளுக்கு மேல் வளர்க்கக் கூடாது என்பது எதற்காக?

அந்த ஆதிக்கோட்டை முன்னிட்டுத்தான். மெய்யியலாளர் மேரி வார்னாக் தலைமையிலான பிரிட்டிஷ் குழு 1984இல் இந்த வரம்பைப் பரிந்துரைத்தது. 1990இல் அங்கே சட்டமாயிற்று. பல நாடுகள் பின்பற்றின, இந்தியாவின் வழிகாட்டு நெறிகளும் அதையே கொண்டுள்ளன. கோடு தோன்றிய பிறகு ஒரு கரு ஒரே ஆள்தான் என்று உறுதியாகிறது என்பது அவர்கள் கண்ட நியாயம். அந்நாளில் ஒரு வாரத்துக்கு மேல் கருவை வளர்க்க யாருக்கும் தெரியாது என்பதால் விதியைக் கடைப்பிடிப்பது எளிதாக இருந்தது. 2016இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் 12, 13 நாள் வரை வளர்த்து, விதிக்காகவே நிறுத்தினார்கள். 2021இல் குருத்தணு (ஸ்டெம் செல்) ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம், 14 நாளைத் தாண்டுவதை அறவே கூடாதவை என்ற பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆயினும் சட்டமாக உள்ள நாடுகளில் வரம்பு அப்படியே இருக்கிறது. எந்த எண்ணைத் தேர்ந்தாலும் அது மனிதர் இட்ட கோடுதான். குறைந்தது இந்தக் கோட்டுக்குக் கருவின் உடலிலேயே ஓர் அடையாளம் இருக்கிறது.

நாள் தள்ளிப்போன சில நாள்களிலேயே கலைந்துவிட்டது. நான் செய்த தவறா?

அநேகமாக இல்லை. தொடக்க மாதங்களில் கலையும் கருக்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் குரோமோசோம் எண்ணிக்கை பிசகியிருப்பதைக் காண்கிறார்கள். அந்தப் பிசகு முட்டையோ விந்தணுவோ உருவாகும்போதும் முதல் சில செல் பிரிவுகளிலும் நேர்வது. பேருந்தில் போனதாலோ துணி துவைத்ததாலோ பப்பாளித் துண்டு ஒன்றைத் தின்றதாலோ வருவதன்று. கரு பதியாமலே போவதும், பட்டையில் கோடு வந்து சில நாளில் மாதவிடாயாக வெளியேறிவிடுவதும் எண்ணுவதைவிட மிகுதி. அடுத்தடுத்துக் கலைந்தால் மருத்துவரிடம் காரணம் ஆராயச் சொல்லிக் கேட்பது சரி.

உடலுக்குள் மறைந்து நடக்கும் இவற்றை எப்படித்தான் கண்டறிந்தார்கள்?

1938 முதல் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள், அமெரிக்காவில் பாஸ்டனை அடுத்த புரூக்லைனில், ஆர்தர் ஹெர்டிக், ஜான் ராக் என்ற இரு மருத்துவர்கள், நோய் காரணமாகக் கருப்பையை அகற்றவிருந்த பெண்களிடம் மாதவிடாய்த் தேதியையும் உறவு கொண்ட நாளையும் குறித்துவைக்கச் சொன்னார்கள். அறுவை சிகிச்சை கருமுட்டை வெளிவந்த நாளுக்குப் பின் அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 210 பெண்களின் கருப்பைகளைத் துழாவி, 17 நாளுக்கு உட்பட்ட 34 கருக்களைக் கண்டெடுத்தார்கள். அவற்றில் கணிசமானவை இயல்பற்றவை. இன்றைய அறநெறிக் குழு எதுவும் இதற்கு அனுமதி தராது. ஆனால் முதல் இரண்டு வாரங்களைப் பற்றிய பாடநூல் படங்கள் பெரிதும் அந்தப் பெண்களின் உடலிலிருந்து வந்தவை என்பதையும், அவர்கள் பெயர் எந்தப் படத்தின் கீழும் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ராக்கின் ஆய்வகத்தில் பணியாற்றிய மிரியம் மென்கின்தான் 1944 பிப்ரவரியில் மனிதக் கருமுட்டையை முதன்முதலாக உடலுக்கு வெளியே கருவுறச் செய்தவர். ஆறு ஆண்டுகளாகப் பலிக்காத சோதனை அது. பல் முளைக்கும் கைக்குழந்தையோடு இரவெல்லாம் கண்விழித்த அசதியில், வழக்கமான அரை மணி நேரத்துக்குப் பதிலாக ஒரு மணி நேரம் முட்டையையும் விந்தணுவையும் ஒன்றாக விட்டுவிட்டதாகப் பின்னாளில் அவரே கூறியிருக்கிறார்.

கருத்தரிக்கும் முன்பே போலிக் அமில மாத்திரை ஏன்?

மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக் குழாய், தகடாக இருந்த புறஅடுக்கு மடிந்து உருவாவது. அது 28ஆம் நாளுக்குள் இரு முனைகளிலும் மூடிவிட வேண்டும். 28ஆம் நாள் என்பது நாள் தள்ளிப்போய் இரண்டே வாரம்; பலர் அப்போதுதான் மருத்துவரைப் பார்க்க நேரம் கேட்டிருப்பார்கள். போலிக் அமிலம் குறைந்தால் அந்த மூடல் தவறும் வாய்ப்பு கூடுகிறது. முன்பு இந்தக் குறையோடு குழந்தை பெற்ற தாய்மாருக்கு மாத்திரை கொடுத்ததில், மறுபடி அது நேர்வது ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குறைந்ததை 1991இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு காட்டியது. பொதுவான அளவு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம். கருத்தரிக்க முயல்வதற்கு ஒரு மாதமாவது முன்பே தொடங்க வேண்டும். முன்பு இக்குறை நேர்ந்தவர்களுக்கும், வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்கும், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் அளவு வேறுபடலாம் என்பதால் அவர்கள் மருத்துவரிடம் கேட்டே தொடங்க வேண்டும்.